சிறு தனியார் பல்கலைக்கழகத்தில் எந்தப் பட்டம்? அமெரிக்கப் படிப்புகளும் ஊதியமும்: ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் சேர்க்கையை உறுதிசெய்து முன்பணம் கட்ட வேண்டிய நாள் மே 1. அனுமதிக் கடிதங்கள் வந்து சேர்வதற்கும் அந்த நாளுக்கும் இடைப்பட்ட சில வாரங்களில், இரண்டாயிரம் மூவாயிரம் மாணவர்கள் மட்டுமே படிக்கும் ஒரு சிறு தனியார் பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்ற கேள்வி பல குடும்பங்களில் எழுகிறது. பேராசிரியர்கள் மாணவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள், வகுப்பில் இருபது பேருக்கு மேல் இல்லை, கணிசமான உதவித்தொகை தருவதாகவும் கடிதம் சொல்கிறது. ஆனால் அங்கே படித்தவர்கள் என்ன சம்பாதிக்கிறார்கள் என்று தேடினால், பல்கலைக்கழகம் முழுமைக்குமான ஒரே ஓர் எண்தான் முதலில் கண்ணில் படுகிறது. அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரே வளாகத்தில் படித்து, ஒரே நாளில் பட்டம் வாங்கும் நர்சிங் மாணவிக்கும் உளவியல் மாணவிக்கும் இடையே முதல் சில ஆண்டுகளில் இருக்கும் ஊதிய வேறுபாடு, ஒரே படிப்பை வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் முடித்த இருவருக்கிடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரும்பாலும் பெரியது. ஆகவே முதலில் ஒப்பிட வேண்டியவை படிப்புகள். பல்கலைக்கழகத்தின் பெயர் அதற்குப் பின்னரே வருகிறது.

எண்கள் எங்கிருந்து வருகின்றன

இந்த ஒப்பீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் சிறந்த கருவி, அமெரிக்கக் கல்வித் துறை நடத்தும் காலேஜ் ஸ்கோர்கார்டு. 2015-இல் இன்றைய வடிவத்துக்கு வந்த இந்தத் தளம், 2019 முதல் ஒவ்வொரு கல்லூரியின் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியே ஊதிய விவரத்தைத் தருகிறது. அரசின் வரிப் பதிவுகளிலிருந்து எடுக்கப்பட்ட எண்கள் என்பதால், பழைய மாணவர்களுக்குக் கல்லூரியே படிவம் அனுப்பி, பதில் எழுதியவர்களை மட்டும் கணக்கில் சேர்த்து வெளியிடும் விளம்பர எண்களைவிட இவை நம்பகமானவை. ஆனாலும் இவற்றைப் படிக்கும்போது சில வரம்புகளை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவதாக, கல்லூரிப் பக்கத்தின் மேலே பெரிதாகத் தெரியும் ஊதியமும், படிப்புவாரியாகக் கீழே தெரியும் ஊதியமும் வெவ்வேறு மனிதர்களைப் பற்றியவை. மேலே உள்ளது, அந்தக் கல்லூரியில் சேர்ந்து பத்தாண்டுகள் ஆனவர்களின் இடைநிலை ஊதியம்; அதில் படிப்பைப் பாதியில் விட்டவர்களும் அடக்கம். படிப்புவாரியான எண்ணோ, பட்டத்தை முடித்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, முடித்தபின் சில ஆண்டுகளில் அவர்கள் பெறும் ஊதியத்தைச் சொல்கிறது. இடைநிலை என்பது, எல்லோரையும் ஊதிய வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் பெறும் தொகை. பாதிப் பேர் அதற்குக் கீழே இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுவது எளிது.

இரண்டாவதாக, அரசின் கல்விக் கடனோ உதவியோ பெற்ற மாணவர்கள் மட்டுமே இந்தக் கணக்கில் வருகிறார்கள். இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் வந்து படிப்பவர்களுக்கு அந்த உதவி கிடைக்காது. ஆகவே அவர்கள் இதில் இல்லை. அத்தகைய மாணவருக்கு ஊதிய எண்ணைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. படிப்பு முடிந்ததும் வேலை செய்யக் கிடைக்கும் 12 மாத அனுமதியை, அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் என்று அரசு வகைப்படுத்தியுள்ள பட்டங்களுக்கு மட்டும் மேலும் 24 மாதங்கள் நீட்டிக்க முடியும். பட்டத்தின் பெயரைவிட, பல்கலைக்கழகம் அதற்குக் கொடுத்திருக்கும் வகைப்பாட்டு எண்தான் இதைத் தீர்மானிக்கிறது என்பதால், சேருமுன் அந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வரம்பு சிறு பல்கலைக்கழகங்களைத்தான் அதிகம் பாதிக்கிறது. ஒரு படிப்பில் மாணவர் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால், தனியுரிமை கருதி அரசு ஊதியத்தை வெளியிடுவதில்லை. வரலாறு, வேதியியல், இசை போன்ற துறைகளுக்கு நேரே வெற்றிடம் இருப்பது பெரும்பாலும் இதனால்தான். அதை நல்லதாகவோ கெட்டதாகவோ எடுத்துக்கொள்ள இடமில்லை. எண் வெளியாகும் இடத்திலும் அதன் பின்னால் இருப்பவர்கள் முப்பது நாற்பது பேராகவே இருக்கலாம். அந்தக் கூட்டத்தில் நான்கைந்து பேர் சம்பளம் அதிகமுள்ள நகரத்துக்குக் குடிபெயர்ந்தால்கூட நடு எண் சற்று நகர்ந்துவிடும். எனவே இரு சிறு கல்லூரிகளின் ஒரே படிப்புக்கு இடையில் தெரியும் மூவாயிரம் நாலாயிரம் டாலர் வேறுபாட்டுக்குப் பொருள் கற்பிக்க வேண்டாம்.

கட்டணம்: சொல்லும் விலையும் கட்டும் விலையும்

காலேஜ் போர்டு என்ற கல்வி அமைப்பின் கணக்குப்படி 2024-25 கல்வியாண்டில் இலாப நோக்கற்ற தனியார் கல்லூரிகளின் சராசரிப் பயிற்றுக் கட்டணம் 43,350 டாலர். சொந்த மாநிலத்து மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களின் சராசரி 11,610 டாலர். இந்த இரு எண்களைப் பக்கத்தில் வைத்தே பலர் தனியார் பல்கலைக்கழகத்தை ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்குச் சராசரியாகக் கட்டணத்தில் பாதிக்கும் மேல் தள்ளுபடி தருகின்றன. எனவே ஒப்பிட வேண்டியது, உதவித்தொகையைக் கழித்த பின் குடும்பம் கட்டும் நிகரக் கட்டணத்தை. ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் நிகரக் கட்டணக் கணிப்பானை வைத்திருக்க வேண்டும் என்பது 2011 முதல் சட்டம்.

ஆயினும் அந்தக் கணிப்பான் காட்டுவது முதலாண்டை மட்டும்தான். உதவித்தொகை பெரும்பாலும் நிலையான தொகை. கட்டணமோ ஆண்டுதோறும் ஏறுவது. பட்டியல் கட்டணம் 43,000 டாலர், உதவித்தொகை 25,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், முதலாண்டில் குடும்பம் கட்டுவது 18,000. கட்டணம் ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏறினால் நான்காம் ஆண்டில் அது ஏறத்தாழ 48,370 ஆகிறது. உதவித்தொகை மாறாததால் குடும்பம் கட்டுவது 23,370. பட்டியலில் 4 விழுக்காடாகத் தெரியும் ஏற்றம், நம் கையில் மூன்றே ஆண்டுகளில் கிட்டத்தட்ட 30 விழுக்காடாக வந்து விழுகிறது. உதவித்தொகையைத் தக்கவைக்க எவ்வளவு மதிப்பெண் சராசரி வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்; நர்சிங், கணினி போன்ற கடினமான படிப்புகளில் அந்த எல்லைக்குக் கீழே இறங்கும் வாய்ப்பு அதிகம்.

கடனைப் பொறுத்தவரை, பெற்றோரைச் சார்ந்துள்ள இளங்கலை மாணவர் நான்கு ஆண்டுகளில் அரசிடமிருந்து தன் பெயரில் வாங்கக்கூடியது 27,000 டாலர் வரை: முதலாண்டு 5,500, இரண்டாமாண்டு 6,500, பிறகு ஆண்டுக்கு 7,500. 2025-26க்கான வட்டியான 6.39 விழுக்காட்டை முழுத் தொகைக்கும் வைத்துப் பத்தாண்டுகளில் அடைத்தால் மாதம் சுமார் 305 டாலர் ஆகும். இங்கே பேசப்போகும் எந்தப் படிப்பின் ஊதியமும் இதைத் தாங்கக்கூடியதே. சிக்கல் பெற்றோர் பெயரில் வாங்கும் கடனில் தொடங்குகிறது. 2025-26-இல் அதன் வட்டி 8.94 விழுக்காடு. 2025-இல் நிறைவேறிய சட்டம், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறும் பெற்றோருக்கு ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்த 65,000 டாலரைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 820 டாலர் வேண்டும். ஐம்பது வயதைக் கடந்த பெற்றோர் தம் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து அதைக் கொடுப்பது எந்தப் படிப்பின் ஊதிய எண்ணிலும் தெரியாத செலவு.

நர்சிங்கும் கணினியும்

சிறு தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் படிப்புவாரியான ஊதியப் பட்டியலைத் திறந்தால், நர்சிங் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் அதுவே மேலே நிற்கும். காரணம் எளிது. அது உரிமத்தோடு சேர்ந்த படிப்பு. மாநில நர்சிங் வாரியத்தின் உரிமத்துக்கான என்க்ளெக்ஸ் தேர்வில் தேறியவருக்கு, எந்தக் கல்லூரியில் படித்தார் என்பதைப் பொறுத்து மருத்துவமனை சம்பளத்தை மாற்றுவதில்லை. தொழிலாளர் புள்ளியியல் பணியகத்தின் 2024 மே கணக்கில் பதிவுபெற்ற செவிலியரின் இடைநிலை ஊதியம் ஆண்டுக்கு 93,600 டாலர். இது எல்லா அனுபவ நிலையினரையும் சேர்த்த எண்; புதிதாகச் சேர்பவர் இதற்குக் கீழேதான் தொடங்குவார். கலிபோர்னியாவுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் இடையே பெரிய இடைவெளியும் உண்டு. ஆனால் வேலை கிடைக்குமா என்ற அச்சம் இந்தத் துறையில் மிகக் குறைவு. நியூயார்க் மத்திய வங்கி 2025-இல் வெளியிட்ட, 2023-ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்ட கணக்கில், 22 முதல் 27 வயதுள்ள நர்சிங் பட்டதாரிகளிடையே வேலையின்மை வெறும் 1.4 விழுக்காடு.

அதே கணக்கில் கணினி அறிவியல் பட்டதாரிகளின் வேலையின்மை 6.1 விழுக்காடு, கணினிப் பொறியியலில் 7.5. நம் சமூகத்தில் பலர் நம்ப மறுக்கும் எண்கள் இவை. மென்பொருள் உருவாக்குநரின் இடைநிலை ஊதியம் 2024 மே கணக்கில் 133,080 டாலர் என்பதும் உண்மை. முதல் வேலைக்கு அலைபவர்கள் அதிகம் என்பதும் உண்மை. வேலை கிடைத்தவர் நன்றாகச் சம்பாதிக்கிறார், ஆனால் கிடைப்பதற்கு உரிமத் தேர்வு போன்ற தெளிவான வாசல் எதுவும் இல்லை. படிக்கும்போது செய்த இன்டர்ன்ஷிப், கட்டிக் காட்டிய பணிகள், வளாகத்துக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்கள் ஆகிய மூன்றும்தான் வாசல். இந்த மூன்றில் கடைசியானது பல்கலைக்கழகத்தின் அளவைச் சார்ந்தது. ஆண்டுக்குப் பதினைந்து இருபது கணினிப் பட்டதாரிகளை மட்டும் உருவாக்கும் இடத்துக்குப் பெரிய நிறுவனங்கள் நேரில் வருவது அரிது.

சிறு பல்கலைக்கழகத்தின் கணினித் துறையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கே முழுநேரப் பேராசிரியர்கள் மூன்று நான்கு பேர் மட்டுமே இருக்கலாம். பாடப்பட்டியலில் இயங்குதளம், தரவுத்தளம், இயந்திரக் கற்றல் என்று எல்லாமே அச்சாகியிருக்கும். ஆனால் மேல்நிலைப் பாடங்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நடத்தப்படும். கடந்த நான்கு பருவங்களில் உண்மையில் எந்தெந்தப் பாடங்கள் நடந்தன என்பதைப் பருவ அட்டவணையில் பார்த்துவிட்டால் துறையின் உண்மையான அளவு தெரிந்துவிடும். இந்தப் படிப்புக்கு, உங்கள் மாநிலத்தின் பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, நிகரக் கட்டணமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், நான் அரசுப் பல்கலைக்கழகத்தைத்தான் பரிந்துரைப்பேன். கூச்ச சுபாவமுள்ள, பெரிய கூட்டத்தில் கேள்வி கேட்கத் தயங்கும் மாணவர் இதற்கு விதிவிலக்கு. சிறு துறையில் இரண்டாம் ஆண்டிலேயே பேராசிரியரோடு சேர்ந்து பணி செய்யும் வாய்ப்பு அவருக்குப் பெரிய துறையில் எளிதில் கிடைக்காது.

நர்சிங்கில் நிலைமை மாறுகிறது. இங்கே சிறு தனியார் பல்கலைக்கழகம் உண்மையிலேயே போட்டியிட முடியும். பல பெரிய பல்கலைக்கழகங்கள் மாணவரை முதலில் முன்-நர்சிங் பிரிவில் சேர்த்து, உடற்கூறியல், வேதியியல் பாடங்களில் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்து இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில் ஒரு பகுதியினரையே நர்சிங்கில் எடுக்கின்றன. இடம் கிடைக்காதவர் வேறு பட்டத்துக்கு மாற வேண்டியதுதான். முதலாண்டிலேயே நர்சிங் இடத்தை உறுதிசெய்யும் தனியார் பல்கலைக்கழகம் அந்த ஆபத்தை நீக்குகிறது. அதற்காகச் சில ஆயிரம் டாலர் அதிகம் கொடுப்பது நியாயமே. ஆனால் இடம் உறுதி என்பதற்கும், படிப்பு முடிப்பது உறுதி என்பதற்கும் வேறுபாடு உண்டு. முதலாண்டில் சேர்ந்த அறுபது பேரில் எத்தனை பேர் நான்காம் ஆண்டில் நர்சிங் பட்டம் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். தேர்ச்சி விகிதம் உயர்வாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பலவீனமான மாணவர்களைத் தேர்வுக்கு முன்பே வடிகட்டும் துறையில், அந்த எண்ணும் என்க்ளெக்ஸ் எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கும். முதல் முயற்சியில் தேறியவர்களின் விகிதத்தைக் கல்லூரிவாரியாக மாநில வாரியங்களே வெளியிடுகின்றன. பல மாநிலங்களில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும் கல்லூரி வாரியத்தின் கண்காணிப்புக்கு உள்ளாகிறது.

சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு நர்சிங் பட்டம் முடித்தவரும் இதே என்க்ளெக்ஸ் தேர்வைத்தான் எழுதுகிறார், அதே உரிமத்தைத்தான் பெறுகிறார். பெரிய மருத்துவமனைகள் பல நான்காண்டுப் பட்டத்தை விரும்புவதாலும், நியூயார்க் மாநிலம் 2017-இல் இயற்றிய சட்டம் உரிமம் பெற்ற பத்தாண்டுகளுக்குள் இளங்கலைப் பட்டத்தைக் கோருவதாலும், அவர் பின்னர் இணையவழியில் இளங்கலையை முடிக்க நேரலாம். அதன் கட்டணத்தை வேலை தரும் மருத்துவமனையே ஏற்பதும் உண்டு. பணம் மிகவும் நெருக்கும் குடும்பத்துக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. இதைச் சொல்ல நம் வீடுகளில் தயங்குகிறார்கள் என்பது எனக்கு வருத்தமே.

கணக்கியல், ஆசிரியர் கல்வி

கணக்கியலும் ஓரளவு உரிமம் சார்ந்த படிப்பு. கணக்காளர், தணிக்கையாளர்களின் இடைநிலை ஊதியம் 2024 மே கணக்கில் 81,680 டாலர். சி.பி.ஏ. (சான்றளிக்கப்பட்ட பொதுக் கணக்காளர்) உரிமத்துக்கு நீண்ட காலமாக 150 பருவ மணிநேர (கிரெடிட்) அளவுக் கல்வி தேவைப்பட்டது. இளங்கலைப் பட்டம் தருவது வழக்கமாக 120. மீதி 30 மணிநேரத்தை முதுகலையாக மாற்றி, ஐந்தாண்டுத் தொகுப்பாக விற்பது சிறு தனியார் பல்கலைக்கழகங்களின் வழக்கம். 2025 தொடக்கத்தில் ஒஹாயோ, இளங்கலையோடு இரண்டாண்டு அனுபவம் இருந்தால் போதும் என்ற மாற்று வழியைச் சட்டமாக்கியது. அதன்பின் வேறு பல மாநிலங்களும் அதே திசையில் சென்றுள்ளன. ஆகவே ஐந்தாம் ஆண்டுக்கான பணத்தை ஒப்புக்கொள்ளுமுன் உங்கள் மாநில விதியைப் பாருங்கள். வணிக நிர்வாகம் என்ற பொதுப் பட்டத்தைக் கணக்கியலோடு சேர்த்து எண்ண வேண்டாம். அதை முடித்தவர்கள் விற்பனை முதல் வங்கி வரை எங்கெங்கோ சிதறுவதால், அதன் இடைநிலை ஊதியம் எந்தத் தனி மாணவரைப் பற்றியும் அதிகம் சொல்வதில்லை.

அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம், கல்வி மாவட்டத்தின் சம்பள அட்டவணைப்படி, பட்ட நிலையையும் பணி ஆண்டுகளையும் வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது. எந்தக் கல்லூரி என்ற கேள்விக்கு அந்த அட்டவணையில் இடமில்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியரின் இடைநிலை ஊதியம் 62,340 டாலர். ஆண்டுக்கு 4,000 டாலர் வரை தரும் டீச் உதவித்தொகை உண்டு. ஆனால் குறைந்த வருவாய்ப் பகுதிப் பள்ளியில், ஆள் பற்றாக்குறையுள்ள பாடத்தில், எட்டு ஆண்டுகளுக்குள் நான்கு ஆண்டுகள் கற்பிக்காவிட்டால் அது வட்டியோடு கடனாக மாறிவிடும். ஆசிரியராக விரும்பும் மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தைவிட அதிக நிகரக் கட்டணம் கட்டித் தனியார் பல்கலைக்கழகத்தில் சேர ஊதியம் சார்ந்த நியாயம் எதையும் நான் காணவில்லை.

உளவியலும் உயிரியலும்

சிறு பல்கலைக்கழகங்களில் மாணவர் அதிகம் சேரும் படிப்புகளில் இவை இரண்டும் உண்டு. ஊதியப் பட்டியலில் இவை பெரும்பாலும் கீழ்ப்பாதியில் நிற்கும். இந்த எண்ணை மற்றவற்றைப் போல அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்கோர்கார்டு, அந்த ஆண்டில் வேலையில் இருந்து, படிப்பில் இல்லாதவர்களை மட்டும் எண்ணுகிறது. மருத்துவம், முனைவர் பட்டம் என்று மேலே படிக்கச் சென்ற உயிரியல் மாணவர்கள் கணக்கிலிருந்து விலகிவிடுகிறார்கள். மீதமிருப்பவர்களின் ஊதியத்தைப் பார்த்து, உயிரியல் படித்தால் இவ்வளவுதான் என்று சொல்வது பிழை. அதே வேளையில், மேலே படிக்க விரும்பிச் சேர்ந்து, இடம் கிடைக்காமல் இளங்கலையோடு நின்றுபோனவரின் நிலை அந்த எண்தான். அதுவும் பலருக்கு நேர்கிறது.

உளவியலாளரின் இடைநிலை ஊதியம் 94,310 டாலர். ஆனால் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய முனைவர் நிலைப் பட்டமும், ஆலோசகராக முதுகலையும் உரிமமும் தேவை. ஆக இளங்கலை உளவியல் பாதி வழிதான். மீதி வழிக்கான செலவையும் இப்போதே கணக்கிட வேண்டும். 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும் முதுகலை மாணவருக்கு அரசின் கடன் ஆண்டுக்கு 20,500, மொத்தம் 100,000 டாலருக்குமேல் கிடைக்காது. செலவு முழுவதையும் ஈடுகட்டிய கிராட் பிளஸ் கடன் அவர்களுக்கு இல்லை. எனவே மேற்படிப்பு தேவைப்படும் துறையைத் தேர்ந்தெடுப்பவர், இளங்கலையைக் கடனின்றியோ மிகக் குறைந்த கடனோடோ முடிப்பது முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

மருத்துவப் படிப்புக்குச் செல்ல விரும்புவோரிடம் சிறு கல்லூரிகள் தம் மாணவர்களில் 80, 90 விழுக்காட்டினருக்கு மருத்துவ இடம் கிடைத்ததாகச் சொல்வதுண்டு. யாரில் 80 விழுக்காடு என்று கேட்க வேண்டும். கல்லூரிக் குழு பரிந்துரைக் கடிதம் தர ஒப்புக்கொண்டவர்களை மட்டும் வகுக்கும் எண்ணாக வைத்தால் விகிதம் தானாக உயரும். முதலாண்டில் மருத்துவ ஆசையோடு வந்தவர்கள் எத்தனை பேர், கடைசியில் இடம் பெற்றவர்கள் எத்தனை பேர் என்ற இரு எண்களையும் தருகிற கல்லூரி நேர்மையானது.

பல்கலைக்கழகமே நிலைக்குமா

ஊதியத்தோடு நேரடித் தொடர்பில்லாததுபோல் தோன்றினாலும், சிறு தனியார் பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை இதைத் தவிர்க்க முடியாது. 2024-இல் பென்சில்வேனியாவில் மூடப்பட்ட இரண்டை மட்டும் பாருங்கள். கப்ரினி பல்கலைக்கழகம் ஓராண்டு முன்பே அறிவித்து, மாணவர்கள் வேறிடம் மாற அவகாசம் தந்து மூடியது. பிலடெல்பியாவின் யுனிவர்சிட்டி ஆஃப் தி ஆர்ட்ஸ், மே 31 அன்று செய்தி வெளியாகி, ஜூன் 7 அன்று மூடிவிட்டது. பாதிப் படிப்பில் இருந்தவர்கள் சேர்த்த பாட மணிநேரங்களை வேறிடம் எவ்வளவு ஏற்கும் என்பது அந்த இடத்தின் விருப்பம். கணக்கியல் போன்ற படிப்பில் பெரும்பகுதி மாறும். நர்சிங்கில் மருத்துவமனைப் பயிற்சி வரிசை கல்லூரிக்குக் கல்லூரி மாறுவதால் ஓராண்டு இழக்க நேரலாம்.

கல்வித் துறை ஒவ்வொரு தனியார் கல்லூரிக்கும் -1.0 முதல் 3.0 வரையிலான நிதிநிலை மதிப்பெண் தருகிறது. 1.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிலை சரி என்று கொள்ளலாம். கடந்த மூன்று நான்கு ஆண்டுகளின் மதிப்பெண்ணோடு, புதிதாகச் சேரும் மாணவர் எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்பதையும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தால், அங்கே எந்தப் படிப்பின் ஊதியம் எவ்வளவு உயர்வாக இருந்தாலும் நான் முன்பணம் கட்ட மாட்டேன்.

முடிவு எடுக்க முடியாமல் இருக்கும் மாணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினேழு வயதில் என்ன படிப்பது என்று தெரியாதிருப்பது இயல்பே. அவருக்குச் சிறு பல்கலைக்கழகத்தின் ஊதியப் பட்டியல் எதையும் சொல்லாது. படிப்பை மாற்ற எவ்வளவு இடம் இருக்கிறது என்பதே அவருக்கு வேண்டிய தகவல். உயிரியலில் தொடங்கி இரண்டாம் பருவத்தில் நர்சிங்குக்கு மாற முடியுமா, முடிந்தால் கடந்த ஆண்டு எத்தனை பேர் மாறினார்கள், மாறியவர்கள் நான்காண்டில் முடித்தார்களா என்ற கேள்விகளைச் சேர்க்கை அலுவலகத்தைவிட அந்தந்தத் துறைத் தலைவரிடம் கேட்பது நல்லது. பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டு, மே 1க்கு முன்பே அதை அரசுப் பல்கலைக்கழகத்தின் பதிலோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.